காயாத முகம்

துணி முழுவதும் காய்ந்துவிட்டது. முகம் மட்டும் காயவில்லை.

அஃபீபா முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சித்திரை வெயிலில், எடப்பாடியின் தகரக் கூரைகளுக்குக் கீழே, பிளாஸ்டர் மாவில் தோய்த்த துணி இறுகுவதற்கு அதிக நேரம் பிடிப்பதில்லை. காலையில் போர்த்தியதை மதியச் சாப்பாட்டுக்குள் தட்டிப் பார்த்தால் ஓடு மாதிரி ஓசை தரும். சிலையின் தோள் அப்படித்தான் ஓசை தந்தது. மடியில் குவிந்து தரைவரை வழிந்த மடிப்புகளும், மார்போடு அழுத்திய கைகளின் மேல் இழுபட்டு நின்ற சுருக்கங்களும் வெளுத்து உலர்ந்து, விரல் வைத்தால் வெள்ளைப் பொடியாக ஒட்டின. கண்கள் இருக்கவேண்டிய இரண்டு பள்ளங்களுக்குக் கீழே மட்டும் துணி சாம்பல் நிறத்தில் கறுத்திருந்தது. தொட்டுப் பார்த்தாள். தண்ணீர் நிறைந்த மண்பானையின் வெளிப்புறம் மாதிரி சில்லென்று இருந்தது.

உள்ளே காற்றோட்டம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டு, சிலையின் முதுகில் விட்டிருந்த பிளவுக்கு நேராக மேசை விசிறியைத் திருப்பி வைத்துவிட்டுச் சேலம் பஸ்ஸைப் பிடித்தாள். மறுநாள் வந்து பார்த்தபோது கறுப்பு குறைந்திருக்கவில்லை. தாடை வரைக்கும் இறங்கியிருந்தது.

சேலத்தில் துணிக்கடைக் குடும்பத்தில் பிறந்தவள் அஃபீபா. சின்ன வயதில் கல்யாண வீடுகளில், கறுப்பு புர்கா அணிந்த பெண்கள் கூட்டமாக நிற்கும்போது, ஒருத்தியின் முகத்தையும் பார்க்காமலே தன் அம்மாவை நேராகப் போய்க் கட்டிக்கொள்வாள். அம்மா கோபமாக இருந்தால் தோளிலிருந்து துணி விறைப்பாக இறங்கும். களைத்திருந்தால் முழங்கை மடிப்பில் தொய்யும். அத்தாவோடு சண்டை போட்டுவிட்டு வந்த நாட்களில், வயிற்றருகே துணியை உள்ளிருந்து பிசைந்துகொண்டே இருப்பாள். மனுஷ முகம் எதையும் மறைத்துவிடும், மேலே கிடக்கும் துணிக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது என்பது அஃபீபாவுக்கு அப்போதே தெரியும். கல்லூரியில் சிற்பம் படித்த காலத்தில், தாரமங்கலம் கோயில் தூண்களில் கல்லை ஆடையாக இழைத்திருப்பதைப் பார்க்கப் போய் நாள்கணக்கில் உட்கார்ந்து வரைந்ததும் அந்த ஒரு எண்ணத்தில்தான். கண் இல்லாமல், வாய் இல்லாமல், வெறும் மடிப்புகளால் ஒரு துக்கத்தை நிற்க வைக்க முடியுமா?

அவள் கணவன் நதீம் எடப்பாடியில் வெளுக்காத காடாத் துணி கொள்முதல் செய்பவன். அவன் சரக்குப் போட்டு வைக்க எடுத்திருந்த பழைய தறிப்பட்டறை ஒன்று சும்மா கிடந்தது. தறிகளைக் கழற்றி விற்ற பிறகும், அவை நின்ற இடங்களில் போல்ட்டுக் குழிகள் அப்படியே இருந்தன. சுவரில் எண்ணெய்ப் பிசுக்கு. எவ்வளவு கூட்டினாலும் மூலைகளில் பஞ்சுத்தூசி. அந்தத் தெருவில் இரண்டு பக்கமும் தறிகள் இடைவிடாமல் ஓடும். அந்த ஓசைக்கு நடுவில்தான் அவள் வேலை செய்தாள். ஓர் ஆளை முக்காலியில் உட்கார வைத்து, மாவில் தோய்த்த காடாத் துணியைத் தலையிலிருந்து கால்வரை போர்த்துவாள். மாவு இறுகும்போது உள்ளே லேசாகச் சூடேறும். இறுகியதும் முதுகுப் பக்கம் பிளந்து ஆளை வெளியே எடுத்துவிடுவாள். மிஞ்சுவது உள்ளே யாரும் இல்லாத ஒரு கூடு.

இந்தக் கூட்டுக்குள் உட்கார்ந்தவள் அறிவுச்செல்வி.

பக்கத்துப் பட்டறையில் தறி ஓட்டுகிறவள். முப்பது வயதுகூட ஆகவில்லை. ஆழ்துளைக் கிணறு தோண்டும் லாரியில் வடக்கே போன அவள் புருஷன், ஆறு மாதத்துக்கு முன் பெட்டிக்குள் திரும்பி வந்தான். பெட்டியைத் திறக்கக் கூடாது, திறந்தால் தாங்க மாட்டீர்கள் என்று கூட வந்தவர்கள் சொல்லிவிட்டார்கள். அப்படியே புதைத்தார்கள். அதன் பிறகு செல்வி சாப்பாட்டு நேரங்களில் அஃபீபாவின் பட்டறை வாசலில் வந்து நின்று, சிலைகளைப் பார்த்துக்கொண்டிருப்பாள். கொஞ்ச நாளில் கூட்டிப் பெருக்கிக் கொடுக்க ஆரம்பித்தாள். ஒரு சாவியையும் அஃபீபா அவளிடம் கொடுத்து வைத்தாள். மாவு கரைக்கவும் துணியைப் பிழியவும் அவளே பார்த்துப் பழகிக்கொண்டாள்.

"உனக்குக் கஷ்டமா இருக்கும்னா வேண்டாம் செல்வி," என்று அன்றைக்கு அஃபீபா சொன்னாள்.

"போத்துங்க்கா. உள்ளார யாரும் பாக்க மாட்டாங்கல்ல?"

போர்த்திய கொஞ்ச நேரத்தில் வாய்க்கு நேரே இருந்த துணி உள்ளே இழுபட்டது. வெளியே தள்ளியது. மறுபடி இழுபட்டது. பிறகு தறிகளின் ஓசையையும் மீறிக்கொண்டு அடிவயிற்றிலிருந்து ஓர் அழுகை வந்தது. ஈரத் துணி முழுவதும் அந்த அழுகைக்கு ஏற்ப அசைந்தது, மடிந்தது, இறுகியது. வெளியே எடுத்தபோது செல்வியின் முகம் துடைத்து வைத்த தட்டு மாதிரி இருந்தது. தண்ணீர் வாங்கிக் குடித்தாள். சிரித்தாள். அந்தச் சிரிப்பை அஃபீபா அதற்கு முன் பார்த்ததில்லை.

மறுநாள் வந்து, "நெம்ப நாளைக்கப்புறம் நேத்துத்தான் தூங்குனேனுங்க்கா," என்றாள். "மனசு பஞ்சாட்டம் இருக்குது."

முகம் காயாமல் இருந்தது அதிலிருந்துதான்.

அஃபீபா பழந்துணியால் துடைத்தாள். துடைத்த இடம் சிறிது நேரத்தில் மறுபடி கறுத்தது. ஊறுகிற மாதிரி. தாடையின் நுனியில் ஒரு துளி திரண்டு, விழாமல் தொங்கியது. அதை விரலால் எடுத்தவள், மேலுதட்டில் வழிந்த வியர்வையை அதே விரலால் துடைத்துக்கொண்டாள். நாக்கில் உப்புக் கரித்தது. என் வியர்வைதான், என்று சொல்லிக்கொண்டாள். அன்று மாலை பஸ்ஸில் தாரமங்கலம் தாண்டும்வரை அதையே சொல்லிக்கொண்டு வந்தாள்.

"கூரை தகரம், ஜன்னல் ஒண்ணுதான். ஈரம் எங்க போகும்?" என்றான் நதீம். அவளுக்கும் அப்படித்தான் இருக்கவேண்டும் என்று தோன்றியது. சிலையின் மேல் ஒரு பழைய படுதாவைப் போட்டு மூடிவிட்டு வேறு வேலையைப் பார்த்தாள்.

ஒரு மத்தியானம் செல்வியின் மாமியார் அங்கம்மாள் வந்தாள். தறிகளுக்கு நூல் சுற்றிக் கொடுப்பவள், ஒல்லியான உறுதியான உடம்பு. உள்ளே வராமல் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சாமி, உன்கிட்ட ஒண்ணு கேக்கோணும். என்ற மருமவளுக்கு என்ன பண்ணுன?"

"ஏம்மா? என்ன ஆச்சு?"

"அவ அளுவறதில்ல."

"நல்லதுதானேம்மா. எத்தனை நாளைக்குத்தான் அழுவா?"

"நல்லதுன்னுதான் நானும் இருந்தேன். நேத்துப் பொழுது சாயறப்ப பேத்தி மாடிப்படில இருந்து உளுந்துருச்சு. நெத்தி பொளந்து ரத்தமாக் கொட்டுது. அம்மா அம்மானு கத்துது. இவ பக்கத்துலயே உக்காந்து வெங்காயம் அரிஞ்சுட்டு இருந்தா. திரும்பிப் பாத்தா சாமி. பாத்துட்டு..." அங்கம்மாள் நிலைப்படியை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். "அரியறத நிறுத்தவே இல்ல."

அவள் போன பிறகு அஃபீபா உள்ளே திரும்பினாள். அடுத்த பட்டறைகளின் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. தரை அதிர்ந்தது, மேசை மேலிருந்த தம்ளரில் தண்ணீர் வட்டம் வட்டமாக நடுங்கியது. மூலையில் படுதா மூடியிருந்த உருவம் முன்பைவிட உயரமாக இருப்பதை அவள் அப்போதுதான் கவனித்தாள்.

படுதாவை இழுத்தாள்.

சிலை உட்கார்ந்திருக்கவில்லை. முக்காலியிலிருந்து பாதி எழுந்திருந்தது. மார்போடு அழுத்தியிருந்த இரண்டு கைகளும் முன்னால் நீண்டு, கீழே விழுகிற எதையோ தாங்கப் பாய்ந்த நிலையில் நின்றன. மடியில் குவிந்திருந்த மடிப்புகள் முழுக்க இழுபட்டு, தொடையிலிருந்து கணுக்கால்வரை கயிறு மாதிரி முறுக்கேறியிருந்தன. வாய் இருந்த இடத்தில் துணி உள்ளே போய்க் குழியாகியிருந்தது. எங்கும் ஒரு விரிசல் இல்லை. தட்டிப் பார்த்தாள். ஓடு மாதிரி அதே ஓசை.

அவளால் செய்ய முடியாத சிலை அது. இத்தனை வருடமும் அவள் செய்ய நினைத்த சிலையும் அதுதான். அந்த எண்ணம் வந்ததும், தட்டிப் பார்த்த விரலை முக்காட்டில் அழுத்தித் துடைத்தாள்.

அன்றே செல்வியைக் கூட்டி வந்தாள். சிலைக்கு முன்னால் நிறுத்தினாள். அஃபீபா வாயைத் திறப்பதற்குள் தெருவில் மின்சாரம் போனது. ஒன்றன்பின் ஒன்றாகத் தறிகள் இழுத்து இழுத்து நின்றன. காதுக்குள் அடைப்பு எடுபட்ட மாதிரி ஓர் அமைதி. தூரத்தில் யாரோ குழாயடியில் குடம் வைக்கும் ஓசை. வெயிலில் தகரம் முறுகும் ஓசை. அப்புறம் மிக அருகில், கூட்டின் உள்ளே, ஈரமாக, விட்டு விட்டு, ஒரு மூச்சு. தேம்பலை அடக்க முயன்று தோற்கிற மூச்சு.

செல்வி தலையைச் சாய்த்துக் கேட்டாள். அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

"அளுவுது பாருங்க. பாவம்."

"செல்வி, அது நீதான்."

"தெரியுமுங்க்கா."

"மறுபடி உள்ள வந்து உட்காரு. ஒரு தடவை. நான் திறந்து விடறேன். எப்படியாவது உனக்கே திருப்பி..."

"எனக்கு வேண்டாமுங்க," என்றாள் செல்வி, கடைக்காரர் நீட்டும் புடவையை மறுப்பது போலத் தன்மையாக. "அது அங்கயே இருக்கட்டும். நான் வாரேன், தறி நின்னுருச்சு, புள்ளைக்குச் சோறு ஊட்டோணும்."

அடுத்த சில நாட்களில் தெருப் பெண்கள் வர ஆரம்பித்தார்கள். முதலில் ஒருத்தி, மகன் எங்கே போனான் என்றே தெரியாதவள். பிறகு கன்னத்தில் நீலம் பாய்ந்திருந்த ஒருத்தி. பிறகு இருவர் மூவராக. யாரும் சத்தமாகக் கேட்கவில்லை. "ஏனுங்க, எனக்கும் ஒருக்கா போத்தி உடறீங்களா? செல்விக்குப் போத்துனாப்பல." அஃபீபா முடியாது என்றாள். அதனால் என்ன ஆகிறது என்று விளக்கினாள். அந்தப் பிள்ளையின் நெற்றியைச் சொன்னாள். அவர்கள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்கள். கேட்டபடியே அவள் தோளுக்குப் பின்னால், சுவரோரம் அடுக்கியிருந்த மாவு மூட்டைகளைப் பார்த்தார்கள்.

அவளுக்கு இருந்த ஒரே யோசனை சிலையை அங்கிருந்து கொண்டுபோய்விடுவது. நதீம் ஒரு சின்ன வேனையும் மூட்டை தூக்கும் ஆட்களையும் கூட்டி வந்தான். சிலை இப்போது பாதி எழுந்த நிலையில் இருப்பதைப் பார்த்து, "உட்கார்ந்த மாதிரி செஞ்சதாத்தானே சொன்னே?" என்று கேட்டான். அவள் போர்வையை எடுத்து நீட்டினாள். போர்வை சுற்றித் தூக்கினார்கள். வாசலில் திருப்பும்போது சிலையின் விளிம்பு நிலைக்கட்டையில் இடித்தது. ஒரு விரல் நகத்தளவு பிளாஸ்டர் தெறித்து விழுந்தது.

பக்கத்துப் பட்டறையிலிருந்து அலறல் கேட்டது.

அஃபீபா ஓடிப் போய்ப் பார்த்தபோது செல்வி தறிகளுக்கு நடுவே தரையில் கிடந்தாள். முதுகு வில்லாக வளைந்திருந்தது. கால்கள் உதைத்துக்கொண்டன. அவிழ்ந்த கூந்தல், ஓடும் தறியின் பெல்ட்டுக்கு ஒரு சாண் பக்கத்தில் புரண்டது. "பெட்டியத் தொறங்க!" என்று கத்தினாள். "ஒருக்கா தொறங்க! நான் மொகத்தப் பாக்கோணும்! பெட்டியத் தொறங்க!" கண்களில் ஆறு மாதமும் ஒரே நேரத்தில் பாய்ந்து நின்றது. உதட்டைக் கடித்ததில் ரத்தம் வழிந்தது. நான்கு பெண்கள் பிடித்தும் அடங்கவில்லை. மூச்சு நின்று நின்று வந்தது. இன்னும் கொஞ்ச நேரம் போனால் அவள் செத்துவிடுவாள் என்று அஃபீபாவுக்குத் தோன்றியது.

திரும்பி ஓடினாள். மாவைக் குழைத்து, உடைந்த இடத்தில் அப்பி அழுத்திப் பிடித்தாள். உள்ளங்கைக்குக் கீழே சூடு ஏறியது.

அலறல் நின்றது.

கொஞ்ச நேரத்தில் செல்வி எழுந்து உட்கார்ந்து, கூந்தலை முடிந்துகொண்டு, அறுந்த நூலை எடுத்து முடிச்சுப் போடப் போய்விட்டாளாம். நதீம்தான் பார்த்துவிட்டு வந்து சொன்னான். "வலிப்பா இருக்கும். இந்த வெயில்ல நின்னுக்கிட்டே வேலை பார்த்தா வேற என்ன வரும்? நான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்னேன், வேண்டாம்னுட்டாங்க."

"வண்டியில ஏத்த வேண்டாம்," என்றாள் அஃபீபா. "மெதுவா உள்ளேயே வெச்சிடுங்க. அப்புறம் யாரும் அதைத் தொட வேண்டாம்."

உடைக்க முடியாது. நகர்த்த முடியாது. அப்படியே விடவும் முடியாது. அதைச் சுற்றி வைக்கோல் பரப்பிப் பூட்டிவிட்டு வந்தாள். சேலம் வந்த இரவே காய்ச்சல் கண்டது. எத்தனையோ நாள் படுக்கையில் கிடந்தாள். ஜன்னல் திரை காற்றில் உள்வாங்கினால் கண்ணை மூடிக்கொள்வாள். சாவி ஒன்று செல்வியிடம் இருப்பது காய்ச்சல் விட்ட அன்றைக்குத்தான் நினைவுக்கு வந்தது. அந்தக் காலையில்தான் போனும் வந்தது.

"சாமி!" அங்கம்மாள் அழுதுகொண்டிருந்தாள். "கொளந்த ராவெல்லாம் அப்பன் வேணும்னு அளுதுட்டே கெடந்துச்சு. இவ அதைத் தூக்கிட்டு உன்ற பட்டறைக்குப் போறா. நான் மறிச்சேன், தள்ளி உட்டுட்டா. கதவச் சாத்திட்டாளுங்க, எல்லாரும் உள்ளார இருக்கறாளுங்க. நீ வா சாமி, நீ சொன்னாக் கேப்பாளுங்க..."

நதீம் துணிக்கடையில் இருந்தான். போன் எடுக்கவில்லை. செய்தி அனுப்பிவிட்டு அஃபீபா கிடைத்த பஸ்ஸில் ஏறினாள். அந்தப் பஸ் எல்லா நிறுத்தங்களிலும் நின்றது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் கூடையோடும் பையோடும் ஆட்கள் நிதானமாக ஏறினார்கள். டிரைவர் இறங்கி டீ குடித்தார். யாரிடம் என்ன சொல்லி அவசரப்படுத்துவது? முன் சீட்டில் ஒரு பெண் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். மூச்சுக்கு மூச்சு அந்தத் துணி உள்ளே போய் வெளியே வந்தது. அஃபீபா இறங்கும்வரை அந்தப் பக்கம் திரும்பவில்லை.

தெருவில் நுழைந்ததும் ஏதோ மாறியிருப்பது தெரிந்தது, என்னவென்று சட்டெனப் புரியவில்லை. பிறகு புரிந்தது. தறி ஓசை இல்லை. மின்சாரம் இருந்தது. பட்டறைகளுக்குள் டியூப் லைட்டுகள் எரிந்துகொண்டிருந்தன. தறிகளின் முன்னால்தான் ஆள் இல்லை.

அவள் பட்டறை வாசலில் அங்கம்மாள் உட்கார்ந்திருந்தாள்.

"வா சாமி. வெயில்ல வந்திருக்கற. தண்ணி குடிக்கறயா?"

காலையில் போனில் அழுத குரலேதான். அதில் இப்போது ஒரு சுருக்கம்கூட இல்லை. முழங்கைவரை வெள்ளை. காதோரம் மாவு காய்ந்து வெடித்திருந்தது.

"உங்களையுமா?" என்றாள் அஃபீபா.

"வேண்டாம்னுதான் சொன்னேன். புடிச்சு உக்கார வெச்சாளுங்க. பொறவுதான் தெரிஞ்சுது, இத்தன நாளும் சும்மா சொமந்துட்டு இருந்திருக்கறேன்."

"குழந்தை எங்கம்மா?"

அங்கம்மாள் கையைக் காட்டினாள். சுவர் நிழலில் செல்வியின் மகள் கவின்மலர் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தாள். நெற்றியில் கட்டு. தலைமுடியில் வெள்ளைத் திட்டு. அஃபீபா முட்டிபோட்டு அவள் கன்னத்தைத் தொட்டாள். "கவின், பயந்துட்டியா தங்கம்?" குழந்தை அவளைப் பார்த்தது. சுவரைப் பார்ப்பது போலப் பார்த்தது. அடுத்த முறுக்கை எடுத்தது.

கதவு திறந்தே இருந்தது.

உள்ளே சுண்ணாம்பு வாடை. ஈர வாடை. அதற்கும் அடியில் உப்பு வாடை. கண் பழகும்வரை வெள்ளையாகக் கூட்டம் கூட்டமாக ஏதோ தெரிந்தது. பிறகு ஒவ்வொன்றாகத் தெரிந்தன. தறிகள் நின்ற இடங்களில், வரிசையாக, அவர்கள். தலையில் அடித்துக்கொள்ளும் கைகள். ஒருத்தி சுவரில் நெற்றியை மோதியபடி. ஒருத்தி தன் கழுத்தைத் தானே பிடித்தபடி. ஒருத்தி தரையில் சுருண்டு, தலையைக் கைகளால் மறைத்து, விழப்போகும் அடிக்குக் காத்திருந்தபடி. எதற்கும் கண் இல்லை. வாய் இல்லை. எல்லா முகமும் ஈரம். தரையிலிருந்த போல்ட்டுக் குழிகள் நிரம்பித் தளும்பிக்கொண்டிருந்தன.

தறிகள் ஓடாத அந்த அமைதியில் அத்தனை கூடுகளும் மூச்சு விடுவது கேட்டது.

நடுவில் ஒரு சின்னது.

அஃபீபாவின் இடுப்பு உயரம்கூட இல்லை. மெல்லிய துணி. அவசரமாகப் போர்த்தியிருந்தார்கள். கால்கள் நுனியில் எம்பி நின்றன. இரண்டு கைகளும் தலைக்கு மேலே நீண்டிருந்தன. என்னைத் தூக்கு.

"யா அல்லாஹ்," என்றாள். யோசிக்கவில்லை. குனிந்து தூக்கினாள்.

கூடு. உள்ளே ஒன்றுமில்லாத கூடு. காற்றாக இருக்கவேண்டியது, ஒரு பிள்ளையின் கனம் கனத்தது. ஈர முகம் அவள் கழுத்தில் வந்து பதிந்தது. சில்லென்று. சின்னத் தேம்பல் ஒன்று அவள் தோள் எலும்புக்குள் இறங்கியது. பின்கழுத்தில் துணியின் கரடு உரசியது. உரசி, பிடித்துக்கொண்டது.

பின்னால் வெளிச்சம் மறைந்தது.

வாசலில் பெண்கள் நின்றார்கள். தெரு முழுவதும். அமைதியான, சுருக்கமில்லாத, கழுவின முகங்கள். முன்னால் செல்வி. அவள் பக்கத்தில் மாவு கரைத்த அண்டா. அதிலிருந்து ஒரு நீளக் காடாத் துணியை எடுத்து, அஃபீபா கற்றுக்கொடுத்த மாதிரியே, பதமாகப் பிழிந்தாள்.

"செல்வி. வேண்டாம்."

"நெம்பப் பயந்து போயிருக்கறீங்க்கா." குரலில் அவ்வளவு பரிவு. "எப்படி நடுங்கறீங்க பாருங்க. எங்களால பாக்க முடியலைங்க. ஒரு நிமிசந்தான்."

"கிட்ட வராதே."

வந்தார்கள். யாரும் அவளை முரட்டுத்தனமாகத் தொடவில்லை. ஒருத்தி தோளைத் தடவினாள். ஒருத்தி முக்காட்டைச் சரிசெய்து விட்டாள். தள்ளிவிட்டு ஓடக் கை வேண்டும். இரண்டு கையிலும் குழந்தை. விட்டால் விழும். விழுந்தால் உடையும். நகத்தளவு உடைந்ததற்கே செல்வி தறிக்கு நடுவில் என்ன ஆனாள். இது முழுசாக. வெளியே அந்தப் பிள்ளை. நாலு வயசு.

இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

கதவுக்கு வெளியே கவின்மலர் எழுந்து வந்து பார்த்துக்கொண்டிருந்தாள். முறுக்கு மெல்லும் ஓசை.

துணி தலைமேல் இறங்கியது. குளிர்ச்சி. வெள்ளை. பெண்களின் கைகள் மேலிருந்து கீழாக மடிப்புகளை நீவின. மெதுவாக. தோள். முழங்கை. கையில் இருந்த சின்ன முதுகு.

கத்துவதற்கு மூச்சை இழுத்தாள்.

துணி வாயோடு ஒட்டியது.

சூடேற ஆரம்பித்தது. அந்த வெள்ளைக்குள், கழுத்தைச் சுற்றியிருந்த சின்னக் கைகள் இன்னும் கொஞ்சம் இறுகின.